தாத்தாவின் டைப் சார்ட்

போன சாரல் சீசனில் பண்பொழி வீட்டுக்குப் போயிருந்தோம். மழை விடவே இல்லை. திருமலைக் கோயில் படியேறும் திட்டம் அத்தோடு போச்சு. பையன் திண்ணையில் போக்கிமான் ஆடிக்கொண்டிருந்தான். நான் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில் அட்டை கிழிந்த பஞ்சபட்சி சாஸ்திரப் புத்தகம் ஒன்று சிக்கியது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பையன் கேட்டான்: "அப்பா, இதுவும் டைப் சார்ட்தானே?"

சும்மா கேட்டதுதான். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

டைப் சார்ட் தெரியாதவர்களுக்கு: 1996-இல் ஜப்பானில் வந்த போக்கிமானில் நெருப்பு செடியை எரிக்கும், செடி தண்ணீரை உறிஞ்சும், தண்ணீர் நெருப்பை அணைக்கும். பலவீனமான இடத்தில் அடித்தால் சேதம் 2 மடங்கு, எதிர்த்து நிற்கும் இடத்தில் பாதி, சில இடங்களில் பூஜ்யம். யோசனை புதிதல்ல. பாம்பு, தவளை, நத்தை என்று ஒன்றையொன்று வெல்லும் பழைய கைவிளையாட்டு ஜப்பானில் உண்டு. சீனர்களின் ஐந்து பூதங்களிலும் நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு உலோகத்தை வெல்லும்.

நம் பக்கம் அஸ்திரங்கள் இருக்கின்றன. 1987-இல் தூர்தர்ஷனில் ராமாயணம் தொடங்கியபோது எங்கள் தெருவே ஒரு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். அக்கினி அஸ்திரத்துக்கு வருண அஸ்திரம், நாகத்துக்குக் கருடன். புரோகிராமர் பாஷையில் சொன்னால் இது ஒரு லுக்-அப் டேபிள், அவ்வளவுதான்.

பஞ்சபட்சி அதைவிடச் சிக்கலானது. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என ஐந்து பறவைகள். நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்று வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பூதத்தையும் சொல்வார்கள். பிறந்த நட்சத்திரமும் பிறையும் உங்கள் பறவையைத் தீர்மானிக்கும். அந்தப் பறவை ஊண், நடை, அரசு, துயில், சாவு என்ற ஐந்து நிலைகளில் மாறிக்கொண்டே இருக்கும். பகலுக்கு 5 ஜாமம். ஒன்று 6 நாழிகை, அதாவது 2 மணி 24 நிமிடம். வளர்பிறை ஞாயிறு பகல் முதல் ஜாமத்தில் வல்லூறு உண்ணும், ஆந்தை நடக்கும், காகம் அரசாளும், கோழி தூங்கும், மயில் சாகும். 5 பறவை, 2 பிறை, 7 கிழமை, பகல் இரவு, 5 ஜாமம் என்று பெருக்கினால் 700 கட்டங்கள். அரசில் இருப்பவன் சாவில் இருப்பவனோடு மோதினால் ஜெயிப்பான் என்பது கணக்கு.

கவனியுங்கள்: எந்த ஜாமத்திலும் ஒரே ஒரு பறவைதான் அரசு, ஒன்றே ஒன்றுதான் சாவு. நிரந்தர ராஜா கிடையாது. கேம் டிசைனில் இதைத்தான் பேலன்ஸ் என்கிறோம். முதல் போக்கிமானில் அது சறுக்கியது. சைக்கிக் வகையை அடக்கவேண்டிய பேய் வகைத் தாக்குதல், அட்டவணையில் பூஜ்யம் என்று பதிவாகிவிட்டது. சைக்கிக்கைத் தொட ஆளில்லை. 1999-இல் வந்த அடுத்த தலைமுறையில்தான் அதைத் திருத்தி, இருள் என்ற வகையையும் சேர்த்தார்கள்.

அதற்காக "அன்றே சொன்னான் தமிழன்" என்று நான் எழுதப்போவதில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்றாகிவிடாது. ஒரு முக்கிய வித்தியாசமும் உண்டு. விளையாட்டில் அட்டவணைதான் விதி. அது சொன்னபடிதான் நடக்கும். வாழ்க்கை அப்படி அட்டவணைக்குக் கட்டுப்படாது.

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. தாத்தாவும் அவருடைய அண்ணனும் வயல் பாகப்பிரிவினை பேச ஒரு வளர்பிறை ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். தாத்தா ரோகிணி, பெரிய தாத்தா மிருகசீரிடம், இருவரும் வளர்பிறையில் பிறந்தவர்கள். அப்படியானால் இருவருக்குமே வல்லூறு. தாத்தா புத்தகத்தைப் பார்த்து பதினொரு மணிக்கு, அரசு ஜாமத்தில் கிளம்பினார். பெரிய தாத்தாவும் அதே பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார். "அரசுல இருக்கிறவன் எதுக்குல விட்டுக்கொடுக்கணும்?" என்று இருவரும் நினைத்திருப்பார்கள் என்பாள் ஆச்சி. அதற்குப் பிறகு சாகிறவரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பையனிடம் இதைச் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரே டைப்னா டேமேஜ் ரெண்டு பேருக்கும்தான்பா" என்றான்.

புத்தகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தைச் சுற்றித் தாத்தா பென்சிலால் போட்ட வட்டம் இன்னும் அழியவில்லை.