சங்கு ஒரு ஊரில், மோக் ஒரு ஊரில்

இந்தியாவில் மின்னணு இசை எங்கே பிறந்தது என்று கேட்டால் இப்போதெல்லாம் அகமதாபாத்தைக் காட்டுகிறார்கள். தப்பில்லை. 1969இல் அமெரிக்கர் டேவிட் டியூடர் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மோக் சிந்தசைசரை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அதில் செய்து பார்த்தவை நாடாக்களில் முடங்கிக் கிடந்தன. பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் தோண்டியெடுக்க, 2023இல் அவை தொகுப்பாக வெளிவந்தன. அண்மையில் வந்த பரிசோதனை இசை வெளியீடுகளில் நமக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை என்பேன். மெட்டையும் தாளத்தையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்; ஒரு ஒலி தானாகத் திரிந்து வேறொன்றாவதைப் பொறுமையாகக் கேட்கிறவர்களுக்கு விருந்து. ஆனால் இதை வைத்து, இத்தகைய ஒலிக்கு இந்தியக் காது அன்றுதான் திறந்தது என்று சொன்னால் ஒப்பமாட்டேன். வடசென்னையின் தண்டையார்பேட்டைக் காது அதற்கு வெகுகாலம் முன்பே திறந்துவிட்டது. மூட வழியில்லாமல் திறந்தது என்பதுதான் வித்தியாசம்.

ராயபுரத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1856இல். அதன் பிறகு துறைமுகம், பெரம்பூர்ப் பக்கம் பின்னி நெசவாலைகள், தண்டையார்பேட்டை ரயில் யார்டு, எண்ணூரில் மோட்டார் தொழிற்சாலை, அனல்மின் நிலையம் என்று வடசென்னையின் ஒலி அடுக்கடுக்காக ஏறியது. யார்டில் ஷண்டிங் நடக்கும்போது கேட்டவர்களுக்குத் தெரியும்: எஞ்சின் ஒரு இடி இடிக்கும், அந்த 'டம்' பெட்டிக்குப் பெட்டி தாவி, வரிசை நெடுக ஓடி, கண்ணுக்குத் தெரியாத கடைசிப் பெட்டியில் போய் அடங்கும். பிரெஞ்சு வானொலிக்காரர் பியர் ஷேஃபர் 1948இல் பாரிஸ் ரயில் நிலையத்தில் பதிவு செய்து, துண்டுகளாகக் கோத்து, புதிய இசை என்று வானொலியில் ஒலிபரப்பியது ஏறக்குறைய இதே சரக்கைத்தான். எல்லாவற்றுக்கும் மேலே ஆலைச் சங்கு. சைரன் என்று யாரும் சொன்னதில்லை, சங்குதான். கடிகாரம் இல்லாத வீட்டுக்கு அதுவே நேரம். ஷிப்டு ஏறவும் இறங்கவும் சோறு தின்னவும் அதுவே உத்தரவு. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது பின்னித் தொழிலாளர்கள் வைத்த குறைகளில் ஒன்று, மதியச் சோற்றுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. சாவுக்கு ஊதுவதும் சங்கு, வேலைக்கு ஊதுவதும் சங்கு என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மக்களுக்கு அந்த ஒலியின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் மோக் ஏன் இங்கே வரவில்லை? ரசனைக் குறைவு என்பது சோம்பேறிப் பதில். அகமதாபாத்தும் ஆலை ஊர்தான். வித்தியாசம் முதலாளியில் இருந்தது. காலிகோ ஆலையை நடத்திய சாராபாய் குடும்பம் அதே ஊரில் வாழ்ந்தது. அந்த வீட்டுப் பெண்ணான கீதா 1946இல் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். வடிவமைப்பு நிறுவனத்தை வளர்த்தவர்கள் அவருடைய உடன்பிறந்தார் கௌதமும் கீராவும். பின்னியோ பிரிட்டிஷ் வணிக நிறுவனமாக இருந்தது. அதன் லாபம் காக்கித் துணியாகவும் பங்கு ஈவாகவும் போனது. வடிவமைப்பு நிறுவனத்துக்குப் பணம் தந்தவை அரசும் ஃபோர்டு அறக்கட்டளையும்தானே, ஆலை எங்கே வந்தது என்று கேட்கலாம். பணம் அவர்களுடையதுதான். ஆனால் டியூடரைப் போன்ற ஒருவரை அழைக்கும் தொடர்பும், விளையாடிப் பார்க்கும் நேரமும் ஆலை வீட்டுச் சொத்து. சங்கொலிக்கு எழுந்து ஓடியவனிடம் இல்லாதது அந்த நேரம்தான்.

இன்னொரு மறுப்பு கனமானது. தறிச் சத்தத்தில் காது போனவர்களிடம் அதையே இசை என்று நீட்டுவது வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டு அல்லவா? பாதி ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978இல் ஆம்பியன்ட் இசைக்கு வகுத்த இலக்கணம், அதை ஊன்றிக் கேட்கவும் முடிய வேண்டும், காதில் வாங்காமல் விடவும் முடிய வேண்டும் என்பது. எண்ணூர் நெடுஞ்சாலையோரம் குடியிருப்பவருக்கு அந்த இரண்டாவது உரிமை கிடையாது. கன்டெய்னர் லாரி அவரைக் கேட்டுக்கொண்டு ஹாரன் அடிப்பதில்லை. ஆகவேதான் வடசென்னை தன் இசையாகக் கானாவை எடுத்துக்கொண்டது: இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தும் பாட்டு, ரயில் பெட்டிச் சுவரையே தட்டித் தாளமாக்கும் பாட்டு. அதுவும் பரிசோதனைதான். ஆனால் மறுப்பின் மறுபாதி நிற்காது. 1922 நவம்பரில் பாகு நகரில் சோவியத் இசையமைப்பாளர் அவ்ராமோவ் ஆலைச் சங்குகளையும் கப்பல் ஊதல்களையும் சேர்த்து ஊரளவு கச்சேரி நடத்தினார். எண்ணெய்த் தொழிலாளர் நிறைந்த துறைமுக ஊர் அது, நம்முடையதைப் போல. கட்டளையிட்ட ஒலிக்கே திருப்பிக் கட்டளையிடலாம் என்று அங்கே ஒரு நாளாவது நிரூபணமானது. எண்ணூர்க் கழிமுகத்தில் மைக்கை நீட்டி, மேலே எதிரொலி பூசி வெளியிடப்படும் இன்றைய பதிவுகளை இந்த அளவுகோலில்தான் பார்க்க வேண்டும். அந்த ஒலி யாருடைய நாளை ஆண்டது என்பது பதிவில் கேட்காவிட்டால் அது வெறும் பின்னணி.

பின்னி ஆலை 1996இல் மூடியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நின்றது. அந்த ஒலிகள் இனி பழைய பதிவுகளில்தான். உங்கள் வீட்டுப் பரணில் எண்பதுகளின் கல்யாணக் கேசட் ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். நாதஸ்வரத்துக்குப் பின்னால் சங்கு ஊதுகிறதா என்று.