காந்த ஒலிநாடா

ஒலியைக் காந்தப் புலமாக மாற்றிச் சேமித்து வைக்கும் நீண்ட, மெல்லிய பட்டை காந்த ஒலிநாடா. ஞெகிழிப் படலத்தின் ஒரு முகத்தில், பிசினில் குழைத்த இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பூசி இதைச் செய்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பதிவான கச்சேரிகள், மேடைப் பேச்சுகள், கள ஆய்வில் திரட்டிய நாட்டார் பாடல்கள் பெரும்பாலும் இதில்தான் தங்கியிருக்கின்றன. இதன் வரலாற்றை வேதியியலாக மட்டும் எழுத முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் யார் பணம் போட்டார்கள் என்பதும், அதனால் யாருடைய குரல் பதிவானது என்பதும் அதோடு பின்னிக் கிடக்கின்றன.

காந்தத்தில் ஒலியைப் பதியலாம் என்ற எண்ணத்தை 1888இல் அமெரிக்கப் பொறியாளர் ஓபர்லின் ஸ்மித் கட்டுரையாக வெளியிட்டார். டென்மார்க்கின் வால்டெமர் பவுல்சன் 1898இல் எஃகுக் கம்பியில் அதைச் செய்து காட்டினார். 1900ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அவருடைய கருவியில் பேசினார். இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய காந்தப் பதிவு அதுதான். அடுத்து வந்த எஃகு நாடாக்களை 1930களில் பிபிசி பயன்படுத்தியது. விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடிய அந்த நாடாவில், அரை மணி நேர நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் எஃகு தேவைப்பட்டது.

திருப்பம் டிரெஸ்டன் நகரில் நிகழ்ந்தது. சிகரெட் தாளில் உலோகத் தூளைப் பட்டையாக ஒட்டும் நுட்பம் அறிந்த பிரிட்ஸ் ஃப்லாய்மர், அதே முறையில் காகிதத்தில் இரும்புத் தூளைப் பூசி 1928இல் காப்புரிமை பெற்றார். ஏஇஜி நிறுவனம் அதை வாங்கி இயந்திரம் செய்தது. நாடா செய்யும் வேலையை லுட்விக்ஸ்ஹாபனின் பிஏஎஸ்எஃப் ஆலை எடுத்துக்கொண்டது. ‘மேக்னட்டோஃபோன்’ 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகமானது. முதல் நாடாக்களில் இருந்தது வெறும் இரும்புத் தூள். அடுத்து கருநிற மேக்னடைட் வந்தது. 1939 வாக்கில் செம்பழுப்பான காமா இரும்பு ஆக்சைடு அந்த இடத்தைப் பிடித்தது. நாம் அறிந்த கேசட் நாடாவின் பழுப்பு நிறம் அதனுடையதுதான்.

1938இல் ஜெர்மானிய அரசு வானொலி இந்த நாடாவுக்கு மாறியது. நாஜி அமைச்சர் கோயபல்ஸின் பிரச்சார அமைச்சகத்தின் கீழ் இயங்கிய அந்த வானொலிக்கு, ஒரே உரையைப் பல நேரங்களில், பல நிலையங்களில், நேரலை போலத் தெளிவாக ஒலிபரப்ப வேண்டியிருந்தது. அதன் ஆய்வகத்தில் வால்டர் வெபர் 1940இல் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைப் பதிவோடு கலந்தபோது, பின்னணி இரைச்சல் பெருமளவு அடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே ஸ்டீரியோ பதிவுகளும் நடந்தன. வால்டர் கீஸெகிங் வாசித்த பேத்தோவன் பியானோ கான்செர்டோ ஒன்றில், இசை தணியும் இடங்களில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் வெடியோசை தெளிவாகக் கேட்கிறது. போருக்குப் பின் சோவியத் படை எடுத்துச் சென்ற நாடாக்களில் ஒரு பகுதி 1987இல்தான் பெர்லினுக்குத் திரும்பியது. அந்தப் பதிவுகளின் தரம் இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால் அந்த அரசு மேடையிலிருந்து துரத்திய யூத இசைக்கலைஞர்கள் அவற்றில் இல்லை. அந்த இன்மையை எந்த டிஜிட்டல் தொழில்நுட்பமும் ஈடு செய்யாது.

அமெரிக்க ராணுவத்தின் ஜாக் முல்லின் இரண்டு மேக்னட்டோஃபோன்களையும் சில நாடாச் சுருள்களையும் பிரித்து ஊருக்கு அனுப்பி, 1946இல் சான் பிரான்சிஸ்கோவில் இயக்கிக் காட்டினார். வாராவாரம் நேரலையில் பாடிச் சலித்திருந்த பிங் கிராஸ்பி அதில் தனக்கொரு விடுதலையைக் கண்டார். ஆம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனத்துக்கு அவர் 50,000 டாலர் கொடுத்தார். 1948இல் அதன் இயந்திரங்கள் வானொலிக்கு வந்தன.

1963இல் ஃபிலிப்ஸ் வெளியிட்ட கேசட், பதிவு செய்யும் ஆற்றலை அரசின் கையிலிருந்து எடுத்துத் தெருவில் வைத்தது. நாடு கடத்தப்பட்டிருந்த மதத் தலைவர் கொமேனியின் உரைகள் 1978இல் கேசட்டுகளாகவே ஈரானுக்குள் பரவின. தமிழ்நாட்டில் கட்சிப் பொதுக்கூட்டப் பேச்சும் திரைப்பட வசனமும் கேசட்டாக விற்றன, டீக்கடைகளில் ஓடின. அரசு நிலையங்கள் பாதுகாக்க நினைக்காத குரல்கள் பலவும் இன்று வீடுகளில் கிடக்கும் இந்தப் பெட்டிகளில்தான் உள்ளன.

நாடா கெடுவது இரும்பால் அல்ல. துகள்களின் காந்தத்தன்மை பல பத்தாண்டுகள் அப்படியே நிற்கும், கைவிடுவது பிசின். 1970களின் நடுவிலிருந்து சில நிறுவனங்கள் பயன்படுத்திய பாலியூரித்தேன் பிசின் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. அத்தகைய நாடாவை ஓட்டினால் அது கிறீச்சிடும், இழுபடும். இயந்திரத்தின் தலையில் பழுப்புக் களிம்பு படியும். அந்தக் களிம்பு பதிவேதான். பஞ்சால் துடைத்தால் இசையும் சேர்ந்து போகிறது. ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் மிதமாகச் சூடாக்கினால் சில வாரங்களுக்கு நாடா ஓட்டும் நிலைக்கு வரும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். பழைய அசிட்டேட் நாடாக்களுக்கு இந்த வைத்தியம் ஆகாது. அவை காடி வாடையடித்து, சுருங்கி, முறிகின்றன. நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொள்கிறது.

ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம், 24 பிட் ஆழத்தில் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸில் படியெடுக்கப் பரிந்துரைக்கிறது. முறை தெரியும், ஆனால் நேரமும் கருவியும்தான் தட்டுப்பாடு. ஒரு மணி நேரப் பதிவைச் செம்மையாக மாற்ற ஒரு மணி நேரம் ஓடவிட்டே ஆகவேண்டும். ஓட்டும் இயந்திரங்களின் உற்பத்தி அருகிவிட்டது, உதிரிபாகமும் பழுது பார்ப்பவரும் அரிது. யுனெஸ்கோவும் அச்சங்கமும் 2019இல் எழுப்பிய எச்சரிக்கை, படியெடுப்புக்கு ஏறத்தாழ 2025ஐ எல்லையாகக் குறித்தது. ஆகவே எதை முதலில் எடுப்பது என்பதே உண்மையான கேள்வி. இந்தியாவில் அகில இந்திய வானொலி 1997 வரை நேரடி அரசுத் துறை. புகழ்பெற்ற வித்துவான்களின் கச்சேரிகளும் தலைவர்களின் உரைகளும் அங்கே முன்வரிசையில் இருந்தது இயல்பே. கிராமத்து ஒப்பாரி, கூத்து, தொழிற்பாடல் ஆகியவற்றைத் திரட்டியவர்களின் நாடாக்களுக்கு, 1982இல் தொடங்கிய இன இசையியல் காப்பகம் போன்ற ஆய்வு நிறுவனங்களே புகலிடம். அரசின் பணம் இந்த இரண்டாம் வரிசைக்கு இன்னும் துணிந்து வர வேண்டும்.

ஓட்டவே முடியாத நாடாக்களுக்குச் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வகம் ஒரு வழி தேடியது. 288 மீட்டர் சுற்றளவுள்ள முடுக்கி வளையத்திலிருந்து எழும் எக்ஸ் கதிரை நாடாவின் மேல் பாய்ச்சி, துகள்களின் காந்தத் திசையைத் தொடாமலே படிக்கிறார்கள். லுகானோவிலுள்ள சுவிஸ் தேசிய ஒலிக் காப்பகம் அவர்களுக்குத் தந்தது, 1980இல் மோந்த்ரோ ஜாஸ் விழாவில் ப்ளூஸ் கலைஞர் பி. பி. கிங் வாசித்த 48 நிமிடப் பதிவு. வழக்கமான இயந்திரத்தில் ஓட்டினால் அந்த நாடா அழிந்துபோகும்.