பனிமலையும் பலகையும்

கருவியை ஆக்குவோன் மனிதனே. ஆயினும், அக்கருவி எவ்வடிவினதாதல் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வரையறுப்பது அவன் வாழும் நிலமாகும். ஆழமற்ற பரவைக் கடலிற் செல்லும் வள்ளத்தின் அடி தட்டையாக அமைகின்றது. பெருங்கடலை ஊடறுத்துச் செல்லும் கலத்தின் அடியோ கூர்ந்திருக்கின்றது. பனிநாட்டு மக்கள் தம் காலிற் பிணித்துச் சறுக்கும் கட்டைகளும் பலகைகளும் இவ்விதிக்கு விலக்கானவை அல்ல. 'ஸ்னோபோட்' என வழங்கும் பனிப்பலகை ஒன்றை வாங்குதற்கு இன்று கடைக்குச் செல்லும் ஒருவன், நீண்டனவும் குறுகியனவும், விறைப்பானவும் நெகிழ்வானவுமாகிய பல வடிவங்களைக் கண்டு திகைத்து நிற்பான். இவையெல்லாம் வணிகரின் கற்பனையில் மட்டும் பிறந்தவை அல்ல. ஒவ்வொரு வடிவத்தின் பின்னும் ஒரு மலை உண்டு. அம்மலையில் விழுந்தெழுந்த மாந்தரும் உளர்.

பலகைக்கு முன்னோடி ஸ்கீ எனப்படும் இணைக் கட்டையாகும். நோர்வேயின் பாறைச் செதுக்கல்களில் ஸ்கீ அணிந்த மனித உருவம் காணப்படுதலால், அதன் தொன்மை ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் எனக் கணிக்கப்படுகின்றது. பின்லாந்தின் காட்டுப் புறங்களில் மக்கள் ஒருகாலில் நீண்ட கட்டையும் மறுகாலில் உரோமத்தோல் போர்த்த குறுங்கட்டையும் அணிந்தனர்; ஒன்று வழுக்கிச் செல்வதற்கு, மற்றது உந்துவதற்கு. ஆசியாவின் அல்தாய் மலைவாசிகளோ அகன்ற கட்டைகளின் அடியிற் குதிரைத்தோலைப் பொருத்தி, மயிர் பின்னோக்கிப் படியும்படி அமைத்தனர். ஏறும்போது மயிர் பனியைப் பற்றும். இறங்கும்போது படிந்து வழுக்கும்.

நோர்வேயின் தெலமார்க் மாவட்டத்து மோர்கெடால் ஊரிற் பிறந்த சோண்ட்ரே நூர்ஹைம் என்பவர் (1825–1897), குதிகாலையும் சேர்த்துப் பிணிக்கும் கட்டினையும், இடைப்பகுதி ஒடுங்கிய கட்டையையும் கையாண்டு, வளைந்து திரும்பும் கலையை வளர்த்தார். எனினும் அந்நாட்டின் தாழ்ந்த குன்றுகளுக்கு உகந்த நீண்ட கட்டைகள், அல்ப்ஸ் மலையின் செங்குத்தான சரிவுகளில் இடர் விளைத்தன. ஒஸ்திரியாவின் லிலியன்பெல்ட் என்னும் இடத்தில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றை ஏறத்தாழ 180 சென்ரிமீற்றராகக் குறைத்தார். நிலம் மாறவே கட்டையும் மாறிற்று.

பனிப்பலகையின் தோற்றமும் இத்தகையதே. 1965ஆம் ஆண்டு நத்தார் நாளன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில், ஷேர்மன் பொப்பென் என்பவர் தம் பெண்மக்களின் விளையாட்டுக்கென இரண்டு ஸ்கீக் கட்டைகளை ஒன்றாய்ப் பிணைத்தார். அலைமீது பலகையில் நிற்பதுபோலப் பிள்ளைகள் பனிமேட்டின்மீது நின்று சறுக்கினர். பனி, அலைச்சறுக்கு ஆகிய இரண்டின் ஆங்கிலச் சொற்களையும் இணைத்து 'ஸ்னேபர்' என அதற்குப் பெயரிட்டவர் அவருடைய மனைவி நான்சி ஆவார். முன்முனையிற் கட்டிய கயிறு ஒன்றே அதன் கடிவாளம். காலைப் பிணிக்கும் கட்டு எதுவுமில்லை. பெருநிறுவனம் ஒன்று அதனை விளையாட்டுப் பொருளாகச் செய்து விற்க, அது இலட்சக்கணக்கான இல்லங்களிற் புகுந்தது. தோட்டத்துச் சிறுமேட்டுக்கு அது போதுமானதாயிருந்தது. மலைக்கு அது போதவில்லை.

மலைக்கேற்ற பலகையைத் தேடிச் சென்றோர் பலர். அவருள் மூவரை இங்கு எடுத்துக்கொள்ளலாம். மூவரும் மூவேறு நிலங்களிற் பணிபுரிந்தனர். மூவரின் பலகைகளும் மூவேறு பண்பின ஆயின.

முதலாமவர் டிமிட்ரி மிலோவிச். அவர் கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்தி யூட்டா மாநிலத்துக்குப் போந்தார். அம்மாநிலத்து மலைகளில் வீழும் பனி உலர்ந்தது, மாவினும் மெல்லியது, இடுப்பளவு ஆழத்துக்குக் குவிவது. அத்தகைய பனியில் ஒடுங்கிய பலகையின் முனை அமிழ்ந்துவிடும். ஆகவே, 1970களில் அவர் தொடங்கிய 'வின்ரஸ்ரிக்' நிறுவனம் நீண்டு அகன்ற முகமும், தகைவிலான் குருவியின் வால்போற் பிளந்த பின்முனையும் உடைய பலகைகளை ஆக்கிற்று. பின்பகுதி தாழ, முன்பகுதி மிதந்தெழும். கடலலைப் பலகையின் இலக்கணம் இவ்வாறு பனிக்கும் பொருந்துவதாயிற்று.

இரண்டாமவர் ஜேக் பேர்ட்டன் கார்ப்பென்ரர். நியூயோர்க்கில் நிதித்துறையிற் பெற்ற பணியைத் துறந்து, 1977ஆம் ஆண்டில் வெர்மொன்ற் மாநிலத்து லண்டன்டெரி என்னும் சிற்றூரிற் பலகை செய்யத் தொடங்கினார். அப்பகுதியின் பனி யூட்டாவின் பனியன்று. அது பகலில் இளகி இரவில் இறுகுவது. பலவேளைகளிற் கண்ணாடிபோற் கெட்டியாவது. அங்கே மிதத்தலினும் பற்றுதலே முதன்மையானது. எனவே காலைப் பலகையோடு இறுகப் பிணிக்கும் கட்டுக்களில் அவர் கருத்தைச் செலுத்தினார். 1979இல் மிச்சிகனில் நடைபெற்ற ஸ்னேபர்ப் போட்டிக்குக் கட்டுக்கள் பொருத்திய தம் பலகையுடன் அவர் சென்றபோது, அது விதிக்கு முரணானது எனச் சிலர் மறுத்தனர். ஈற்றில் அவருக்கெனத் தனிப்பிரிவு வகுக்கப்பட்டது. அதிற் போட்டியிட்டவரும் வென்றவரும் அவர் ஒருவரே. பின்னர், 1980களில் ஸ்கீக் கட்டைகளிலிருந்து எஃகு விளிம்பும் வழுக்கும் செயற்கை அடித்தளமும் பலகைக்கு வந்துசேர்ந்தன. அவற்றாலேயே இறுகிய பனி பலகைக்கு வசமாயிற்று.

மூன்றாமவர் ரொம் சிம்ஸ். சில்லுப்பலகை விளையாட்டில் வல்லவரான இவர் கலிபோர்னியாவை நிலைக்களமாகக் கொண்டவர். அம்மாநிலத்தில் தாஹோ ஏரிப்புறத்துக் குப்பைமேடு ஒன்றன் அருகே, இயற்கையில் அமைந்த பனிப்பள்ளம் ஒன்றை இளைஞர் சிலர் 1970களின் இறுதியிற் கண்டனர். அதன் இரு கரைகளிலும் மாறிமாறி ஏறி, வானில் எழுந்து, திரும்பி இறங்கினர். 'அரைக்குழாய்' எனும் ஆட்டக்களம் இவ்வாறு தோன்றிற்று. முன்னோக்கியும் பின்னோக்கியும் செல்லவேண்டிய அவ்விளையாட்டுக்குப் பிளந்த வால் பயன்படாது. ஆதலின் 1980களின் நடுவில், அக்களத்துத் தலைமகனான டெரி கிட்வெல்லின் பெயரால் சிம்ஸ் வெளியிட்ட பலகையின் பின்முனையும் வட்டமாக்கப்பட்டு மேனோக்கி வளைக்கப்பட்டது. இரு முனையும் ஒத்த இன்றைய இரட்டைமுனைப் பலகைக்கு அது வழிகோலிற்று.

இம்மூவர் வழியும் அமைதியாக ஒன்றுகலந்தன அல்ல. 1983இல் சிம்ஸ் கலிபோர்னியாவின் சோடா ஸ்பிறிங்ஸில் நடத்திய போட்டியில் அரைக்குழாயும் இடம்பெறவே, பேர்ட்டன் அணியினர் அதனை எதிர்த்தனர். அரைக்குழாய்க்கும் பனிப்பலகைக்கும் தொடர்பில்லை என்பது அவர் வாதம்; கலந்துகொள்ளாது விடுவோம் எனவும் எச்சரித்தனர். மலைச்சரிவில் விரைந்திறங்கும் கிழக்கு மாநிலத்தாருக்கும், பள்ளத்தில் எழுந்தாடும் மேற்கு மாநிலத்தாருக்கும் பலகை என்பது ஒரே சொல்லாயிருப்பினும் ஒரே பொருளாயிருக்கவில்லை. காலம் இருதிறத்தாரின் கொள்கைக்கும் இடமளித்தது. 1998இல் யப்பானின் நகானோவில் பனிப்பலகை ஒலிம்பிக் அரங்கில் முதன்முறையாக ஏறியபோது, பெருவளைவோட்டம், அரைக்குழாய் ஆகிய இரண்டுமே அங்கு இடம்பெற்றன.

இவ்வரலாற்றை அறிந்தார்க்குப் பலகையைத் தெரிவுசெய்யும் முறை எளிதில் விளங்கும். முதலில் நோக்கவேண்டியது பலகையின் இடை. உடுக்கின் நடுப்பகுதிபோல அது ஒடுங்கியிருக்கும். பலகையை ஒருபுறம் சாய்த்து அழுத்தும்போது, அவ்வொடுங்கிய விளிம்பு வில்லாய் வளைந்து பனியில் வட்டத்தின் ஒரு பகுதியை வரையும். ஒடுக்கம் மிகின் திருப்பம் குறுகும். ஒடுக்கம் குறையின் திருப்பம் நீண்டு, விரைவிலும் தளம்பாது செல்லும்.

அடுத்தது பக்கத்தோற்றத்து வளைவு. தரையில் வைத்தவிடத்து நடுப்பகுதி மேலெழுந்து, முனைப்புறங்கள் தரையைத் தொடுவது வில்வளைவு. ஏறிநிற்பவனின் எடை அவ்வில்லை அழுத்த, விளிம்பு முழுவதும் பனியைக் கவ்வும். வெர்மொன்ற் போன்ற இறுகிய பனிக்கு அஃது ஏற்றது. நடு தாழ்ந்து முனைகள் எழுவது தோணிவளைவு. அது ஆழ்பனியில் மிதக்கும். பயில்வோனின் விளிம்பு எதிர்பாராது பனியிற் சிக்கி அவனை வீழ்த்துவதையும் குறைக்கும். 2002இல் ஷேன் மக்கொங்கி என்னும் ஸ்கீ வீரரின் கருத்துப்படி நீர்ச்சறுக்குக் கட்டையின் சாயலில் ஆக்கப்பட்ட ஸ்கீ இவ்வடிவத்துக்குப் புத்துயிர் அளித்தது. சில ஆண்டுகளுள் பலகை செய்வோரும் அதனைக் கைக்கொண்டனர். இன்று இரு வளைவுகளையும் கலந்த பலகைகளே மிகுதியாக விற்கப்படுகின்றன.

மூன்றாவது நெகிழ்ச்சி. தாவியும் சுழன்றும் விளையாடுவோன் எளிதில் வளையும் இரட்டைமுனைப் பலகையைக் கொள்வான். செங்குத்துச் சரிவில் விரைவோன் முன்னும் பின்னும் வேறுபட்ட விறைத்த பலகையைக் கொள்வான். ஆழ்பனியை நாடுவோன் அகன்ற முகமுள்ள பலகையில், கட்டுக்களைச் சற்றுப் பின்தள்ளிப் பொருத்துவான். செப்பனிட்ட சரிவில் விளிம்பின்மீதே ஓடுவோனுக்கு, இடைப்பகுதி 20 சென்ரிமீற்றர் அளவே அகன்ற, நீண்ட விறைத்த பலகையும் கடினமான சப்பாத்தும் உரியன. இவையனைத்தையும் ஒருவாறு செய்யவல்ல பொதுப்பலகையும் உண்டு. முதன்முறை வாங்குவோர்க்கு அதுவே நலந்தரும்.

இனி, ஆளுக்கும் பலகைக்கும் உள்ள பொருத்தம். நிறுத்தி வைத்த பலகை நாடிக்கும் மூக்குக்கும் இடைப்பட்டு நிற்றல் வேண்டும் என்பது பழைய வழக்கு. உயரத்தினும் உடலின் எடையே முதன்மையானது என்பது இன்றைய துணிபு. பலகையை வளைப்பது எடையேயன்றி உயரமன்று. பாதத்தின் அளவும் மறக்கற்பாலதன்று. சப்பாத்தின் முனை பலகைக்கு வெளியே மிகுதியாக நீண்டால், சாயும்போது அது பனியில் உராய்ந்து ஆளை வீழ்த்தும். பாதம் பெரியோர்க்கென அகன்ற பலகைகள் செய்யப்படுவதன் காரணம் இதுவே.

பலகை தகுதியானதாயின் மலை வாயில் திறக்குமா? நெடுங்காலம் அது திறக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ஸ்கீ மலைகளுள் மிகப் பெரும்பாலானவை பலகையாளரை ஏற்கவில்லை. பலகையைக் கட்டுப்படுத்த இயலாது, பிறர்க்கு இடர் விளையும் என்றன. வெர்மொன்றின் ஸ்ராற்றன் மலை 1983இல் அவர்களுக்கு இடமளித்தது. தொடக்கநாட்களிற் பலகையாளர் தம் திறமையை மெய்ப்பித்த பின்னரே ஏறுபொறியில் ஏற அனுமதிக்கப்பட்டனர். பின்னர் ஏனைய மலைகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. யூட்டாவின் அல்ரா, டியர்வலி, வெர்மொன்றின் மாட்றிவர் கிளென் ஆகிய மூன்றும் இன்றளவும் திறக்கவில்லை. பொதுநிலத்தில் இயங்கும் அல்ரா தம்மை விலக்குதல் சமத்துவத்துக்கு மாறானது எனச் சிலர் 2014இல் வழக்கிட்டனர். 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்தது. மிலோவிச் தம் பலகைக்கு வடிவங்கண்ட அதே மாநிலத்தில், சிறந்த பனிச்சரிவுகளுட் சில பலகைக்கு மூடப்பட்டிருப்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

ஏறுபொறிகளைச் சாராது, தம் காலாலேயே மலையேற விரும்பியோர்க்கு மற்றொரு தீர்வு கிடைத்தது. 1990களில் அதே யூட்டாவிற் பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஏறும்போது ஸ்கீயாக அணிந்து, உச்சியில் மீண்டும் இணைத்து இறங்கும் பிளவுப்பலகை உருவாயிற்று. பொப்பென் இரண்டை ஒன்றாக்கினார். முப்பதாண்டுகளின் பின் அவ்வொன்று மீண்டும் இரண்டாயிற்று.

நான்குமுறை உலக வாகைசூடிய கிரெய்க் கெலி இத்தகைய மலைப்பயணங்களை விழைந்து, போட்டிக்களத்தைத் தம் புகழின் உச்சியிலேயே நீங்கியவர். புதிய பலகைகளின் ஆக்கத்திற் பேர்ட்டனுக்குத் துணைநின்றவரும் அவரே. பலகையைப் பற்றி அவரினும் மிக அறிந்தோர் அந்நாளிற் சிலரே இருந்திருப்பர். மலைவழிகாட்டியாகத் தகுதிபெறும் பயிற்சியில் ஈடுபட்டிருந்த அவர், 2003ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் கனடாவின் ரெவல்ஸ்ரோக் நகருக்கு அண்மையிலுள்ள மலையில் வீழ்ந்த பனிச்சரிவில் உயிர்துறந்தார். அவரோடு மேலும் அறுவர் மாண்டனர்.

பலகை பனியின் மேற்பரப்பையே அறியும். அதன்கீழ் அடுக்கடுக்காய் உறைந்த பனி எவ்வேளையில் நிலைகுலையும் என்பதை எவ்வடிவப் பலகையும் உரைக்கமாட்டாது. ஆதலின், பனிமலை நாடுகளிற் பட்டறிவுடையோர் பலகை வாங்க வருவோனை முதலில் வினவுவது, எந்த மலைக்குச் செல்கின்றாய், அங்கு எத்தகைய பனி வீழ்கின்றது, உன் பயிற்சி எவ்வளவு என்பவற்றையே. விலையும் நிறமும் அவற்றின் பின்னரே வரும். வெர்மொன்றும் யூட்டாவும் கலிபோர்னியாவும் தத்தமக்குரிய பலகைகளைப் பெற்ற வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. நிலத்தை முதலில் அறிந்தவர்களே நல்ல பலகையை ஆக்கினர். தெரிவுசெய்வோர்க்கும் உரிய வழி அதுவேயாகும்.