ஏழு பனியன், ஒரே மூலை

தை மாதத்திலும் சித்திரை, வைகாசித் திருவிழாக் காலத்திலும் திண்டுக்கல் சமவெளியின் வேடசந்தூர், வடமதுரை, நத்தம், நிலக்கோட்டைப் பக்கம் போனால் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட சுவரொட்டிகளைப் பார்க்கலாம். எடைப் பிரிவு, நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை, கோப்பை வழங்குபவர், சாப்பாட்டுச் செலவை ஏற்பவர் என்று எல்லா விவரமும் அதில் இருக்கும். ஆட வருகிறவர்களின் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது.

போட்டி நெருங்கும்போதுதான் ஊர் அணியின் குறை தெரியவரும். பாடிப் போக இளவட்டங்கள் நாலைந்து பேர் எப்போதும் தயாராக இருப்பார்கள். மூலையில் நின்று எதிராளியின் காலை அள்ளத் தெரிந்த ஆள்தான் கிடைக்கமாட்டார். அப்படிப்பட்ட ஒருவர் பக்கத்து ஊரிலோ, மதுரை, கரூர், திருச்சிப் பக்கமோ இருப்பது யாருக்காவது நினைவுக்கு வரும். போக வர பஸ் செலவு, ராச்சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம் என்று பேசி அவரை அழைத்து வருவார்கள். அடுத்த வாரம் அதே ஆள் வேறொரு ஊரின் பனியனைப் போட்டுக்கொண்டு இவர்களுக்கு எதிராகவே மூலையில் நிற்பார். அதை யாரும் துரோகமாக நினைத்ததில்லை.

அணி மாறி அணி மாறி ஆடும் பிடி ஆட்டக்காரரை உண்டாக்கியது புரோ கபடி என்ற தொலைக்காட்சி லீக்கின் ஏலம் அல்ல. செம்மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பால் கோடு போட்ட இந்த ஊர்க் களங்கள் அவரை எப்போதோ உருவாக்கிவிட்டன. ஏலம் அவருக்கு ஒரு விலையையும், அதைவிட முக்கியமாக ஒரு பதிவேட்டையும் கொடுத்தது. அமெரிக்கக் கால்பந்தில், ஒப்பந்தம் முடிந்த வீரர் தாமே அடுத்த அணியைத் தேடிக்கொள்ளும் உரிமை முழு வடிவில் வந்தது 1993-இல்தான். எழுத்து ஒப்பந்தமே இல்லாத நம் ஊர்க் களங்களில் அந்த உரிமை வழக்கமாகவே இருந்தது.

சடுகுடு என்று தமிழ்நாடு சொன்ன ஆட்டம் இந்தியாவின் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு விதியில் நடந்து வந்தது. சஞ்சீவனி, காமினி, அமர் என்று மூன்று முறைகள் பரவலாக இருந்தன. சஞ்சீவனியில், எதிரணி ஆள் ஒருவர் வெளியேறினால் நம் ஆள் ஒருவர் உயிர்பெற்று உள்ளே வரலாம். இன்றைய கபடி இந்த விதியைத்தான் ஏற்றுக்கொண்டது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் அங்கே இதை ஆடிக் காட்டியது. அகில இந்தியக் கபடிச் சம்மேளனம் 1950-இல் உருவானது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முறையாகப் பதக்கத்துக்கான ஆட்டமானது. 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கணேசன் இருந்தார். அடுத்த ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது.

ஆனாலும் பிழைப்புக்கு ஆட்டம் மட்டும் போதவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல்துறையிலோ மின்வாரியத்திலோ பொதுத்துறை நிறுவனத்திலோ ஒரு வேலை கிடைத்தால் அதுவே பெரிய வெற்றி. கிடைத்தவர்கள் அந்த அணிக்கே பல ஆண்டுகள் ஆடினார்கள். கிடைக்காதவர்கள் பகலில் பஞ்சாலையிலோ தோல் ஷாப்பிலோ காய்கறி மண்டியிலோ உழைத்துவிட்டு, இரவில் மின்னொளிக் களங்களுக்குப் போனார்கள். 2009-இல் வெளிவந்த ‘வெண்ணிலா கபடி குழு’ இந்த உலகத்தைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தது. அதை இயக்கிய சுசீந்திரன் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். அந்தப் படத்துக்குத் தமிழ்நாடெங்கும் கிடைத்த வரவேற்பு, இந்தச் சமவெளியின் இரவு ஆட்டங்கள் எத்தனை ஊர்களின் கதையாக இருந்தன என்பதைக் காட்டியது.

மூலைக்காரரின் வேலை என்ன? ஏழு பேர் கைகோத்துப் பிறை வடிவில் நிற்கிறார்கள். இரு கோடியிலும் கார்னர், அடுத்து இன், அதற்கடுத்து கவர், நடுவில் சென்டர். பாடி வருபவருக்கு முப்பது நொடி. உள்ளே ஆறு பேராவது இருந்தால், அவர் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து ஒரு புள்ளி எடுக்கலாம். அப்படி நீட்டும் கால்தான் மூலைக்காரரின் இலக்கு. பாடுபவரின் உடல் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை அவர் இடுப்பைப் பார்த்தே கணிக்க வேண்டும். எடை நீட்டிய காலுக்கு மாறும் அந்தக் கணத்தில் பாய்ந்து கணுக்காலை இரண்டு கையாலும் கட்ட வேண்டும். ஒரு நொடி முந்தினால் அந்தக் கால் பின்னால் போய்விடும், பிடிக்கப் போனவர் தொடுபட்டு வெளியேறுவார். ஒரு நொடி பிந்தினால் பாடியவர் திரும்பியிருப்பார். பிடித்த பிறகும் கவர் ஆட்டக்காரர் ஓடிவந்து இடுப்பில் விழுந்து அமுக்க வேண்டும். இல்லையென்றால் பாடியவர் இழுத்துக்கொண்டே போய் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். அவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் வெளியே.

வேகத்தைவிட நிதானம் பெரிதாக இருக்கும் இடம் அது. அதனால்தான் பாடுபவர்கள் ஓய்ந்துவிடும் வயதிலும் நல்ல மூலைக்காரர்கள் களத்தில் நிற்கிறார்கள். விரல், தோள், முழங்கால் என்று உடம்பு அதற்கு விலை கொடுக்கிறது. செருப்பில்லாத காலை மண்ணில் பிடித்துப் பழகியவர்கள், ஷூ போட்ட காலை வழுக்கும் ‘மேட்’ விரிப்பில் பிடிக்கப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

புரோ கபடி லீக் 2014 ஜூலை 26-இல் மும்பையில் தொடங்கியது. அந்த ஆண்டு ஏலத்தில் மிக அதிக விலை ராகேஷ் குமாருக்கு: 12.80 லட்ச ரூபாய். தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமத்தில் 1975-இல் பிறந்த தர்மராஜ் சேரலாதன், பெங்களூரு புல்ஸ் அணிக்காக இந்த லீக்கில் இறங்கியபோது அவருக்கு வயது 39. மற்றவர்கள் பயிற்சியாளராகும் வயது. அங்கிருந்து அவர் பயணம் தெலுங்கு டைட்டன்ஸ், பாட்னா பைரேட்ஸ், புனேரி பல்டன், யு மும்பா, ஹரியானா ஸ்டீலர்ஸ், ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் என்று போனது. ஏழு அணிகள். பனியனின் நிறம் மாறியது, நின்ற இடம் மாறவில்லை. இளைய வீரர்கள் வட இந்தியராக இருந்தாலும் அவரை ‘அண்ணா’ என்றே கூப்பிட்டார்கள்.

2016 அவருடைய ஆண்டு. நான்காம் சீசனில் பாட்னாவுக்கு அவர்தான் கேப்டன். ஜூலை 31-இல் ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் பாட்னா 37-29 என்று ஜெய்ப்பூரை வென்றது. அந்த அணியின் தற்காப்பில் ஈரானின் ஃபசல் அத்ராச்சலியும் இருந்தார். அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்திலேயே இந்தியா 32-34 என்று தென்கொரியாவிடம் தோற்று அதிர்ந்தது. பிறகு மீண்டு வந்து அக்டோபர் 22-இல் இறுதி ஆட்டத்தில் ஈரானை 38-29 என்று வென்றது. இந்திய அணியில் 41 வயது சேரலாதன், ஈரான் அணியில் ஃபசல். மூன்று மாதத்துக்கு முன் ஒரே கோப்பையைத் தூக்கியவர்கள் இப்போது எதிரெதிரே. 2018-இல் யு மும்பாவில் இருவரும் மறுபடி ஒரே பக்கம் நின்றார்கள். இன்று இங்கே, அடுத்த வாரம் எதிர்ப்பக்கம் என்ற மின்னொளிக் களத்தின் வழக்கம் உலக அரங்கிலும் அப்படியே நடந்தது.

2019-இல் ஹரியானா ஸ்டீலர்ஸின் கேப்டனானபோது அவருக்கு 44 வயது. லீக்கின் மூத்த வீரர் அவர்தான். ஹரியானா இந்தியக் கபடியின் பெரும் விளைநிலம். அந்த மாநிலத்தின் பெயர் தாங்கிய அணி, தலைமைக்குத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது அவருடைய அனுபவத்துக்காகத்தான். அதற்குமுன் ஐந்து அணிகளின் பழக்கத்தையும் உள்ளிருந்து பார்த்தவருக்கு, எதிரே வரும் பாடுபவர்களில் பலர் ஏற்கெனவே கூட ஆடியவர்கள். யாருக்கு எந்தக் கால் பலம், யார் பதறினால் போனஸுக்குப் போவார் என்பது அவருக்குத் தெரியும். அணி மாறுகிறவரின் சொத்து அந்த அறிவுதான். அதை நிலையற்ற வாழ்க்கை என்று இரங்கிப் பேசுவது சரியல்ல.

2017-இல் தமிழ் தலைவாஸ் அணி லீக்கில் சேர்ந்தது. அந்தப் பனியனை அணிந்து சேரலாதன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2024-இல்தான் அந்த அணிக்கு வந்தார், தலைமைப் பயிற்சியாளர் உதயகுமாருடன் வியூகப் பயிற்சியாளராக.

அவர் எந்த ஆண்டு எங்கே ஆடினார், எத்தனை பேரைப் பிடித்தார் என்பதெல்லாம் இன்று யாரும் தேடி எடுக்கக்கூடிய தகவல். திண்டுக்கல் சமவெளியில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஊர் ஊராகப் போய் மூலையில் நின்றவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. திண்டுக்கல் தனி மாவட்டமானதே 1985 செப்டம்பர் 15-இல்தான். அதற்கு முந்தைய ஆட்டமெல்லாம் மதுரை மாவட்டக் கணக்கு. அந்த ஆட்டக்காரர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கோப்பைகளும் நோட்டீஸ்களும் சில வீடுகளின் பரணில் கிடக்கக்கூடும். ஊர்க் கபடிக் குழுக்கள் அடுத்த மின்னொளிப் போட்டிக்கு முன் இந்தப் பெரியவர்களைத் தேடிப் போய், எந்த ஊருக்கு, எந்த ஆண்டில், யாருக்கு எதிராக ஆடினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கலாம். வரும் தையில் ஒட்டும் சுவரொட்டியில், கோப்பை வழங்குபவர் பெயருக்கு மேலே அவர்களின் பெயரை அச்சிடலாம்.