வாடகைக் கட்டுப்பாட்டில் சிறு குடித்தனக் கட்டடங்கள் (சான்பிரான்சிஸ்கோ)

சான்பிரான்சிஸ்கோ நகரில், 1979 ஜூன் 13-க்கு முன் குடிபுக அனுமதி பெற்ற, இரண்டு முதல் நான்கு குடித்தனங்கள் அடங்கிய கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விடும் முதலீட்டு முறை. அவ்வாண்டு பிறந்த நகரச் சட்டம், இன்றைய வடிவில், வருடாந்தர வாடகை உயர்வை விலைவாசிக் குறியீட்டு உயர்வின் 60 சதவீதத்துக்குள், அதுவும் 7 சதவீதத்துக்கு மேற்படாமல், அடக்கி வைக்கிறது. தக்க காரணமின்றி எவரையும் வெளியேற்றவும் விடுவதில்லை. உரிமையாளரே வசிக்கும் சிறு கட்டடங்களுக்கு இருந்த விலக்கு 1994-இல் வாக்காளர் தீர்ப்பால் நீங்கிற்று. எனினும் 1995-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி, பழைய குடித்தனக்காரர் தாமாகவே விலகினால் புதியவரிடம் சந்தை வாடகை கேட்கலாமாதலால், ஒரே மாடிப்படியின் இருபுறமும் ஒத்த அளவுள்ள அறைகளுக்கு, முப்பதாண்டுவாசி சொற்பத் தொகையும் நேற்று வந்தவர் அதனினும் பன்மடங்கும் கொடுப்பது அங்கே விநோதமன்று. விலை பேசுமுன் விவேகிகள் சுவரின் காரையைவிட, ஒவ்வொருவரும் குடிவந்த ஆண்டையே (சற்றுச் சங்கடமான ஆராய்ச்சிதான்) நுணுகி விசாரிப்பர்.