பெங்களூரின் சைவ உணவு முறைகள்

பெங்களூரில் ‘வெஜ்’ என்றால் பால், தயிர், நெய் உண்டு, முட்டை கிடையாது. 1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர்., 1943-இல் காந்தி பஜாரில் தொடங்கிய வித்யார்த்தி பவன் ஆகிய உணவகங்கள் இரண்டும் இந்த வகைதான். லிங்காயத்து சமூகத்தினரும் பெரும்பாலும் சைவ உணவினரே. வெங்காயம், பூண்டு பொதுவாக விலக்கில்லை. ஆசாரமான மாத்வ பிராமணர் வீடுகளில் இரண்டுமே சேராது. சாதுர்மாஸ்யம் எனும் நான்கு மாத விரதம் வந்தால் கட்டுப்பாடு இன்னும் இறுகும்: முதல் மாதம் காய்கறி, அடுத்தடுத்து தயிர், பால், பருப்பு என ஒவ்வொன்றாக இலையிலிருந்து விலகும். காயில்லா மாதத்தில் மிளகாய்க்குப் பதில் மிளகு. பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ந்து குழம்பாகும். ஜைனர் உருளைக்கிழங்கு முதலான கிழங்குகளைத் தொடார். பலர் பொழுது சாயுமுன் உண்டுவிடுவர். சைவ உணவோடு முட்டையை மட்டும் ஏற்பவர் ‘எக்கிடேரியன்’. பாலையும் விலக்கும் வீகனுக்குப் பொட்டலத்தின் பச்சைப் புள்ளி போதாது; அது பாலைத் தடுப்பதில்லை. இந்த ஊரில் ஃபில்டர் காபியே அவருக்கு முதல் சோதனை, பென்னெ (வெண்ணெய்) தோசை இரண்டாவது.