கடலோரப் பொதுமணலும் ‘லிங்ஸ்’ மரபும்

நிலத்தின் இயல்புக்கும் மனித வாழ்வுக்கும் உள்ள தொடர்பைப் பண்டைத் தமிழர் திணைப் பாகுபாட்டின் வழியே உணர்ந்திருந்தனர். கடலும் கடல்சார்ந்த மணற்பரப்பும் நெய்தல் எனப்பட்டன. அத்தகையதொரு மணற்பரப்பிலேயே, ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில், கோல்ப் விளையாட்டு வளர்ந்தது. அங்கு உருவான திடலமைப்பு முறை ‘லிங்ஸ்’ மரபு எனப்படும். அதனை விளையாட்டு வரலாறாக மட்டும் நோக்குதல் போதாது. கடலோரப் பொதுநிலம் யாருக்குரியது என்ற வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. அவ்வினா, கல்முனை முதல் பொத்துவில் வரையான கரையில் வாழும் மக்களுக்குப் புதியதன்று.

‘லிங்ஸ்’ என்பது மேட்டுநிலத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லொன்றின் வழிவந்தது. கடலுக்கும் உழவுநிலத்துக்கும் இடையே, பயிர்ச்செய்கைக்கு உதவாது கிடந்த மணல்மேடுகளை ஸ்கொட்லாந்தியர் அப்பெயரால் அழைத்தனர். அங்கு மழைநீர் தேங்குவதில்லை. மெல்லிய குட்டைப் புல்லே முளைக்கும். அப்புல்லை ஆடுகளும் முயல்களும் மேய்ந்து சீராக்கின. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துத் தேய்ந்த பள்ளங்களே பின்னர் மணற்குழித் தடைகளாயின என்பது மரபுவழிச் செய்தி. தொடக்ககாலத் திடல்களை வகுத்தவர் எவருமிலர் எனலாம்.

சென்ற் அன்ட்றூஸ் பழைய திடலில் ஒரு சுற்றுக்கு 22 குழிகள் என்றிருந்த வழக்கு, 1764 ஆம் ஆண்டில் 18 ஆகக் குறைந்தது. அதுவே பின்னர் உலக வழக்காயிற்று. 1865 முதல் 1903 வரை அத்திடலின் பராமரிப்பாளராக விளங்கிய ரொம் மொறிஸ், பிற ஊர்களிலும் திடல்களை வகுத்தார். உள்ள மேட்டை அகற்றாது, அதற்கேற்பப் பந்தின் வழியைத் தெரிவதே அக்கால முறை. மரங்களை நாடாது கடற்காற்றையே முதன்மைத் தடையாகக் கொள்ளுதலும், ஊரைவிட்டு அகன்று சென்று ஊரை நோக்கியே மீளுதலும் பழைய திடலில் காணப்படும் சிறப்பியல்புகளாகும்.

இம்மரபு நிலைத்தமைக்கு மண்ணின் இயல்பு மட்டும் காரணமன்று. 1552 ஆம் ஆண்டுப் பட்டயமொன்று அம்மணலில் முயல் வளர்க்க இடமளித்தபோதே, அங்கு விளையாடுவதற்கு ஊரவர்க்கிருந்த உரிமையையும் ஏற்றுக்கொண்டது. 1797 இல் கடனில் மூழ்கிய நகரசபை அந்நிலத்தைக் கைவிட நேர்ந்தது. பின்னர் அது முயல் வணிகர் கைக்குச் சென்றது, முயல்களால் திடல் சிதைந்தது, வழக்குகள் நீண்டன. 1821 இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலவுடைமையாளர் அதனை வாங்கி ஆட்டத்துக்கெனப் பேணினார். ஈற்றில், 1894 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது மீண்டும் நகரத்துக்குரியதாயிற்று. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குப் பொதுவாக ஆட்டம் நிகழ்வதில்லை. அன்று ஊரவர் அத்திடலில் உலாவுகின்றனர்.

இலங்கைக்கு இவ்விளையாட்டைக் கொணர்ந்த பிரித்தானியர், பெயரைக் கொணர்ந்தனர்; ஊரவரின் பொதுவுரிமையைக் கொணரவில்லை. 1879 இல் தோன்றிய கொழும்பு கோல்ப் கழகம் முதலில் காலிமுகத்திடலில் ஆடியது. 1896 இல் அது பொறளைப் பகுதிக்குப் பெயர்ந்து, தேசாதிபதி ரிஜ்வேயின் பெயரால் ‘ரிஜ்வே லிங்ஸ்’ எனப் பெயர் பூண்டது. கடல் இல்லாத இடத்திலும் கடற்கரைப் பெயர் ஒட்டிக்கொண்டமை குறிப்பிடத்தக்கது. 1889 இல் அமைந்த நுவரெலியாக் கழகத்தின் திடலோ மலைநாட்டுக்குரியது.

இதே ஆட்சி 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், பயிரிடப்படாத தரிசு நிலங்களை முடிக்குரியனவெனக் கருதியது. பயிரற்ற நிலம் பயனற்ற நிலம் என்ற எண்ணம் அதில் பொதிந்திருந்தது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைக் கல்முனைக் கரை உணர்த்தும்.

கிழக்கே வங்கக் கடலும் மேற்கே வயல்வெளியும் நெருக்க, மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்கள் குறுகிய மணற்பட்டியில் செறிந்துள்ளன. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து மணலைப் பிணிக்கின்றன. கரைவலை இழுப்போர்க்கு அகன்ற மணல் இன்றியமையாதது; தோணியை ஏற்றிவைப்பதும் வலையை உலர்த்துவதும் வாடி அமைப்பதும் அங்கேயே. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை நினைவாக நிகழும் கொடியேற்று விழாவுக்குத் திரளும் மக்களும் அம்மணலிலேயே கூடுகின்றனர். மணலில் சுவறும் மழைநீரே கிணறுகளுக்கு ஊற்றாகின்றது.

இத்தகைய கரையில் ஸ்கொட்லாந்தின் குளிர்நிலப் புல்லை விரிப்பது லிங்ஸ் மரபாகாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதற்குப் பெருமளவு நீர் இறைக்கவேண்டும். இடும் உரமோ ஆழமற்ற நிலத்தடி நீரைச் சென்றடையும். உருவத்தைப் பின்பற்றுவோர் அம்மரபின் உட்பொருளை இழப்பர்.

அண்மைக்கால வரலாறும் இதனை வலியுறுத்துகின்றது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் 10,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கிழக்குக் கரையில் 200 மீற்றர் அகலத்துக்குக் கட்டடத் தடை வகுக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டதாயினும், கரையில் வாழ்ந்தோர் அகல, சுற்றுலா முதலீட்டாளர் அங்கு இடம்பெறுவரோ என்ற ஐயம் எழுந்தது. 2013 இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் அலைதடுப்பணைகள் மணலின் இயல்பான நகர்வைத் தடுக்க, வடக்கே நிந்தவூர் வரை கரை அரிக்கப்பட்டது. தோணி ஏற்றும் இடத்தையும் தென்னைகளையும் இழந்தவர் அவ்வூர் மக்களே.

எனவே, கரையோரத்தில் திடலாயினும் விடுதியாயினும் துறையாயினும் வகுக்க முனைவோர், முதலில் மணலின் நகர்வையும் அதன்மேல் ஊரவர்க்குள்ள வழக்குரிமையையும் ஆராய்தல் வேண்டும். சென்ற் அன்ட்றூஸ் மக்களுக்குத் தம் உரிமையை நாட்ட ஒரு பழைய பட்டயம் இருந்தது. கல்முனைக் கரைவலைத் தொழிலாளருக்கு அத்தகைய ஏடில்லை. தலைமுறை தலைமுறையான பயன்பாடே அவர்தம் சான்று. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பர். அச்சான்றை ஊர்தோறும் திரட்டி எழுத்தில் நிலைநிறுத்துவது, இக்கரையின் வரலாற்றை ஆராய்வோர் ஆற்றவேண்டிய பணியாகும்.